பதினாறு கிராம் விமானம்

உலகில் பெரும்பாலும் மெய்ப்பொருள் முன்னே பிறக்கும். அதைப் பார்த்துச் செய்த பொம்மை பின்னே வரும். கோயில் தேர் வீதியில் உருண்ட பிறகுதான் சிறுவர்களுக்குச் சிறுதேர் கிடைத்தது. நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் ஓடத் தொடங்கிய பிறகுதான் தகரத்தில் ரயில் பொம்மை கடைக்கு வந்தது. தண்டவாளத்தின் ஓரத்திலேயே வாழ்க்கை நடத்தும் நமக்கு இந்த வரிசையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆகாய விமானத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே பொம்மை முதலில் பறந்தது. மனிதன் ஏறிய விமானம் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து, அந்தப் பொம்மையிடம் பாடம் கேட்டுக்கொண்ட பிறகே பறந்தது.

இதை நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விழாவை ஒட்டி நடந்த கூட்டத்தில், நம் பிள்ளைகளுக்குப் பால்சா மரத்தால் மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்று அன்பர் ஒருவர் சொன்னார். பரீட்சைக்கு உதவாத வேலை, பணத்துக்கும் கேடு என்று மற்றோர் அன்பர் மறுத்தார். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். ஆகவே எந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பொம்மையின் வரலாற்றை மட்டும் இம்மலரில் எடுத்து வைக்கிறேன். தீர்ப்பு, படிக்கும் குடும்பங்களுடையது.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஜார்ஜ் கேய்லி என்னும் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். பறவையைப் போல் சிறகடித்துத்தான் பறக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தூக்கும் வேலையை அசையாத இறக்கையிடமும் முன்னே தள்ளும் வேலையை வேறொரு கருவியிடமும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று கண்டவர் அவர். 1804ஆம் ஆண்டில் ஒரு நீண்ட கோலின் முன்பகுதியில் காற்றாடி ஒன்றைச் சற்றே சாய்த்து இறக்கையாகப் பொருத்தி, பின்னால் சிலுவை வடிவில் வாலும் வைத்து, குன்றின் மேலிருந்து எறிந்து பார்த்தார். அது தலைகுப்புற விழாமல் சரிவில் அழகாக மிதந்து இறங்கிற்று. முனையில் ஒரு சிறு எடையை முன்னும் பின்னும் நகர்த்தி அதன் நிலையைச் சரிசெய்தார். இன்று நம் பிள்ளை தன் விமானத்தின் மூக்கில் களிமண் உருண்டையை ஒட்டுகிறான் அல்லவா, அந்த வேலைக்கு வயது இருநூறுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் கேய்லியின் கோல் தானாகப் பறக்கவில்லை, இறங்கத்தான் செய்தது. தானாகப் பறந்த முதல் நிலையான பொம்மைக்கு உரியவர் அல்போன்ஸ் பேனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். அவரைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரியும் இல்லை. அதனால் இங்குச் சற்று நின்று பேசத் தோன்றுகிறது.

பேனோ 1850ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தார். தந்தை கடற்படைத் தளபதி. மகனும் கடற்படையில் சேரவேண்டியவர்தான். ஆனால் இடுப்பில் வந்த நோய் அவரை நடக்கவே தடுமாற வைத்துவிட்டது. கப்பலுக்குப் போக முடியாத அந்த இளைஞர் தம் கருத்தை வானத்தின் மேல் வைத்தார். பறக்கும் பொம்மைகளுக்கு அதுவரை திமிங்கில எலும்பு வில்லும், கடிகாரச் சுருளும், சிறு நீராவிப் பொறியும் பயன்பட்டு வந்தன. ஒன்று வலுவற்றது, மற்றவை கனமானவை. பேனோ எடுத்துக்கொண்டது ரப்பர் நாடா. நாடாவை முறுக்கி விட்டால், முறுக்கு அவிழும்போது அது விசிறியைச் சுழற்றும். 1870ஆம் ஆண்டில் இந்த உபாயத்தை முதலில் நேரே மேலெழும் பொம்மை ஒன்றில் வைத்தார். மறு ஆண்டில் இறக்கை உள்ள விமானத்தில் வைத்தார்.

1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், பாரிஸ் நகரத்து துய்லரி தோட்டத்தில், வான்பயணச் சங்கத்தார் கண்ணெதிரே அந்தப் பொம்மை விடப்பட்டது. அந்த இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரான்சு ஜெர்மனியிடம் தோற்று மாதங்களே ஆகியிருந்தன. உள்நாட்டுக் கலகத்தில் துய்லரி அரண்மனை அந்த மே மாதத்தில்தான் எரிந்து போயிருந்தது. கரிந்த சுவர்கள் பக்கத்தில் நிற்க, இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் தம் பொம்மைக்குச் சாவி கொடுத்துக் காற்றில் விட்டார். அது வட்டமிட்டபடி பதினொரு வினாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்து இறங்கிற்று.

இறக்கையின் நீளம் 45 சென்டிமீட்டர். மொத்த எடை 16 கிராம். நம் சட்டைப் பையில் இருக்கும் ஒற்றை ரூபாய் நாணயங்கள் நான்கின் எடைக்குச் சற்றே கூடுதல். அதிலும் 5 கிராம் ரப்பர். சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் வண்டியின் பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும் டேர் எடைதான் நினைவுக்கு வந்தது. வண்டியின் சொந்த எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சரக்கு ஏற்றலாம். பேனோவின் விமானத்தில் சரக்கும் ரப்பர்தான், எரிபொருளும் ரப்பர்தான். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதற்கே விட்டுக்கொடுத்தார். மற்றது எல்லாம் அதைச் சுமப்பதற்கு மட்டும் போதுமான உடம்பு. இலகுவாகச் செய்வது என்பதன் பொருளே இதுதான்.

எடை குறைந்தால் மட்டும் பொம்மை பறந்துவிடாது. பஞ்சும் எடை குறைந்ததுதான். காற்று போன பக்கம் போகும். பேனோவின் மேதைமை வாலில் இருந்தது. வால் பலகையின் முன்விளிம்பை இறக்கையை விடச் சற்றே தாழ்த்தி வைத்தார். மூக்கு தாழ்ந்து விமானம் வேகம் பிடிக்கும்போது, அந்த வேகக் காற்றே வாலை அழுத்திக் கீழே தள்ளும். மூக்கு தானாக நிமிரும். மூக்கு அதிகம் நிமிர்ந்து வேகம் குறைந்தால் வாலின் மேல் அழுத்தம் குறையும். மூக்கு மறுபடி தாழும். ஓட்டுபவன் இல்லாமலே விமானம் தன்னைத் திருத்திக்கொண்டு செல்லும். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இறக்கையின் இரு நுனிகளையும் மேல் நோக்கி வளைத்தார். இந்த இரண்டும் இன்றைக்கும் மாதிரி விமானம் செய்கிற ஒவ்வொரு பையனும் கைக்கொள்ளும் விதிகள். பெரிய விமானங்களின் உடம்பிலும் இவை வேறு உருவில் உண்டு.

இவ்வளவு கண்ட மனிதருக்கு என்ன நேர்ந்தது? 1876ஆம் ஆண்டில் அவர் போல் கோஷோ என்பவருடன் சேர்ந்து இருவர் ஏறும் பெரிய விமானத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நீரிலும் நிலத்திலும் இறங்கும் அமைப்பு, உள்ளே மடங்கும் சக்கரங்கள், ஓட்டுபவருக்குக் கண்ணாடி மூடி, ஒரே கைப்பிடியால் ஏற்றமும் திருப்பமும் செய்யும் ஏற்பாடு எல்லாம் அந்தப் பட்டயத்தில் இருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வரப்போகிற விமானத்தை அவர் தாளில் வரைந்துவிட்டார். ஆனால் அதைத் தூக்கக்கூடிய இலகுவான எஞ்சின் அப்போது உலகில் இல்லை. செய்து பார்க்கப் பணம் கொடுப்பாரும் இல்லை. பொம்மைக்காரன் என்ற ஏளனம் மட்டும் மிஞ்சியது. நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்ட, தம் படங்களையெல்லாம் ஒரு சிறு சவப்பெட்டியில் வைத்து, ஆவியால் இயங்கும் வான்கப்பலை முதலில் ஓட்டிய ஹென்றி ஜிஃபாரின் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, 1880ஆம் ஆண்டு அக்டோபரில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது முப்பது.

அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதாவது 1878ஆம் ஆண்டில், கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு பாதிரியார் ஊர்ப்பயணம் முடிந்து வீடு திரும்பினார். கையில் எதையோ மறைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், பிள்ளைகள் பார்ப்பதற்குள் அதை மேலே எறிந்தார். அது தரையில் விழாமல் அறைக்குள்ளேயே எழும்பிக் கூரையில் மோதிற்று. தக்கை, மூங்கில், தாள், ரப்பர் நாடா ஆகியவற்றால் செய்த அந்தப் பொம்மை பேனோவின் முறையில் அமைந்தது. பிள்ளைகளில் ஒருவனுக்கு வயது பதினொன்று, பெயர் வில்பர்; மற்றவனுக்கு ஏழு, பெயர் ஆர்வில். பாதிரியார் மில்டன் ரைட்.

பொம்மை சில நாள்களில் ஒடிந்து போயிற்று. பிள்ளைகள் தாமே அதைப் போல் செய்தார்கள், அதுவும் பறந்தது. அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள், குறைவாகப் பறந்தது. இன்னும் பெரிதாகச் செய்தார்கள், எழும்பவே இல்லை. பெரிதானால் நன்றாகத்தானே பறக்க வேண்டும் என்று அந்த வயதில் அவர்களுக்குத் தோன்றிற்று. காரணம் பிற்காலத்தில்தான் விளங்கிற்று என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் இரு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கே ஆகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். எட்டு மடங்குச் சுமையை நான்கு மடங்குத் தோளில் ஏற்றினால் தோள் என்ன செய்யும்? இந்தக் கணக்கைப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எந்தப் பிள்ளையும் போடலாம். ஆனால் கையால் செய்து, ஓடிப்போய் எறிந்து, அது பறக்காமல் விழுவதைப் பார்த்தவனுக்கே அந்த எட்டின் கனம் தெரியும்.

இந்தக் கணக்கைப் பெரியவர்களும் மறப்பதுண்டு. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிலையத்தின் தலைவரான சாமுவேல் லாங்லி பெரிய விஞ்ஞானி. அவரும் பேனோவின் ரப்பர் பொம்மைகளில் தொடங்கிப் படிப்படியாக ஏறியவர். 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நீராவியால் இயங்கிய அவருடைய மாதிரி விமானம் பொட்டோமாக் ஆற்றின் மேல் 3,300 அடி பறந்தது. தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல் அதை நேரில் பார்த்துப் படமும் எடுத்தார். பிறகு அரசாங்கத்தின் பணத்தில் மனிதன் ஏறும் விமானம் செய்யப்பட்டது. அதில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி 1903ஆம் ஆண்டு ஆகஸ்டில் பறந்தது. அதையே நான்கு மடங்காகப் பெருக்கிய பெரிய விமானமோ அக்டோபரில் ஒரு முறையும் டிசம்பர் 8ஆம் நாள் ஒரு முறையும் ஏவியவுடன் ஆற்றில் விழுந்தது. பொம்மைக்குப் போதுமாயிருந்த சட்டம் பெரிய உடம்பைத் தாங்கவில்லை. பத்திரிகைகள் அந்த முதியவரைக் கேலி செய்து தீர்த்தன.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள், அந்தப் பாதிரியாரின் இளைய மகன் மணற்பாங்கான ஒரு கடற்கரையில் விமானத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பறந்தார். மனிதன் எஞ்சினின் வலிமையால் ஓட்டிச் சென்ற அந்த முதற் பறப்பு பன்னிரண்டு வினாடிகள் நீடித்தது. தூரம் 120 அடி. மீட்டரில் சொன்னால் முப்பத்தாறரை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எரிந்த அரண்மனையின் தோட்டத்தில் பதினாறு கிராம் பொம்மை பறந்தது பதினொரு வினாடி, 40 மீட்டர். அளவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கின்றன. தற்செயல்தான். ஆயினும் எனக்கு இதைப் படித்த அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

இனி மரத்தின் கதைக்கு வருவோம். இந்தக் காலம் வரை மாதிரி விமானங்கள் மூங்கிற் பிளாச்சிலும் ஊசியிலை மரச் சட்டத்திலும் பட்டுத் துணியிலும் செய்யப்பட்டன. பால்சா என்பது நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் வளரும் மரம்; உலகத்துக்கு அதை மிகுதியாக அனுப்புவது ஈக்வடார் நாடு. பால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். அந்நாட்டுப் பழங்குடிகள் அம்மரத்தைத் தெப்பமாகக் கட்டிக் கடலில் சென்றார்கள். 1947ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹேயர்தால் தம் தோழர்களுடன் ஒன்பது பால்சாக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த ‘கோன்-டிகி’ என்னும் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாளில் பசிபிக் தீவுகளை அடைந்ததைச் செய்தியில் படித்தவர்கள் உண்டு.

இந்த மரம் நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று. நம் ஊர் இலவ மரத்தின் உறவு அது. இரண்டின் காயிலும் பஞ்சு இருக்கும். கிளி காத்திருந்து ஏமாறுவதற்கு அங்கேயும் இடம் உண்டு போலும்! இலவ மரத்தை நாம் தீக்குச்சிக்கு அனுப்பினோம். அவர்கள் பால்சாவை விமானத்துக்கு அனுப்பினார்கள். மரம் மிக வேகமாக வளர்ந்து ஆறு ஏழு ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். வெட்டும்போது நீர் நிறைந்து கனமாக இருக்கும். சூளையில் உலர்த்தினால்தான் இலகுவாகும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ என்றால், அதே அளவு பால்சா நூற்றிலிருந்து இருநூறு கிலோ வரை நிற்கும். அதைவிட இலேசானதும் கிடைக்கும், கனமானதும் கிடைக்கும். எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் வலிமை வியக்கத்தக்கது.

எடை மட்டும்தான் கருத்து என்றால் நம் நெட்டி தோற்காது. மாட்டுப் பொங்கலுக்குக் கட்டும் நெட்டி மாலையையும், தஞ்சாவூரில் நெட்டியால் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பெரிய கோயிலையும் பார்க்காத தமிழர் யார்? நாம் வந்து குடியிருக்கும் இந்த வங்காளத்திலும் மணமகன் தலையில் வைக்கும் டோப்பர் நெட்டியால் ஆனதே. ஆனால் நெட்டிக்கு நாரின் வலு இல்லை. நீளச் சட்டமாக எடுத்தால் முறிந்துவிடும். பால்சாவில் அந்த வலுவும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1920களின் இறுதியில் பால்சா மாதிரி விமானக்காரர் கைக்கு வந்தது. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் தனியே பறந்து சென்றது அந்நாட்டுச் சிறுவர்களைப் பித்துக்கொள்ள வைத்தது. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் தகப்பன்மார் வேலையிழந்து நின்றபோது, பத்து சென்ட் கொடுத்தால் ஒரு பெட்டி கிடைத்தது. அதற்குள் அச்சிட்ட படம், பால்சாத் தகடு, மெல்லிய தாள், ஒரு ரப்பர் நாடா. உணவு மேசையே பட்டறையாயிற்று. வேக்ஃபீல்டு பிரபு பெயரால் 1928ஆம் ஆண்டு முதல் ரப்பர் விமானங்களுக்குப் பன்னாட்டுக் கோப்பைப் போட்டியும் நடந்து வந்தது.

போர் வந்தது. பால்சா உயிர்காப்புத் தெப்பத்துக்கும், 1940ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதல் பறந்த ‘மஸ்கிட்டோ’ போர் விமானத்துக்கும் போயிற்று. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிச் செய்த உடம்பு அது. உலோக விமானங்களைத் தோற்கடித்து ஓடிற்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் நட்பு விமானத்தையும் அடையாளம் கண்டறியும் பயிற்சிக்காக, பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மரமாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. அவை பறப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஆகையால் வேறு மரங்களில் செய்யப்பட்டன. அந்தத் தலைமுறையில் வளர்ந்து, வீட்டில் பால்சா விமானம் செய்து பழகிய ஒஹையோ மாநிலத்துப் பையன் ஒருவன் 1969ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரனில் கால் வைத்தான். ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தின் மரத் துண்டும் துணித் துண்டும் அவனுடன் சென்று திரும்பின.

நன்றாகப் பறக்கும் இலகுவான விமானத்தைச் செய்வது எப்படி என்பதை இத்தனை தலைமுறையும் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. அவற்றுள் தலையானது தராசு. ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பால்சாத் தகடு ஒன்று 10 கிராம் இருக்கலாம். பார்வைக்கு அதே போன்ற இன்னொன்று 20 கிராம் இருக்கலாம். கண் ஏமாறும், தராசு ஏமாறாது. கனமான தகட்டை வளைவு தாங்க வேண்டிய நீளச் சட்டத்துக்கு வைத்துக்கொண்டு, இலேசானதை வாலுக்கு ஒதுக்குவார்கள். வாலுக்கு ஏன் அத்தனை சிக்கனம்? தூக்குக்கோலைப் பார்த்தால் விளங்கும். இறக்கையிலிருந்து வால் தொலைவில் இருக்கிறது, மூக்கு அருகில் இருக்கிறது. ஆகையால் வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் வைத்தால்தான் சமன் ஆகும். வாலில் செய்த தாராளத்துக்கு இரட்டை அபராதம்.

பசையிலும் அவ்வாறே. ஒட்டு நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று அள்ளி வைப்பது வழக்கம். இணைப்பு நெருக்கமாக வெட்டப்பட்டிருந்தால் ஊசிமுனைப் பசை போதும். இடைவெளி இருந்தால் எவ்வளவு வைத்தாலும் போதாது. இறக்கைச் சட்டத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி நீரைத் தூவினால் அது உலரும்போது மத்தளத் தோல் போல் விறைக்கும். அதன் மேல் டோப் என்னும் மெருகை நீர்க்கக் கலந்து ஒரு பூச்சு. அழகுக்காக வண்ணம் பூசுவது பையன்களின் ஆசை; வண்ணமும் எடைதான். வண்ணத் தாளையே ஒட்டிவிடுவது அறிந்தவர் வழி.

பறக்கவிடும் நாளில் அவசரம் ஆகாது. ரப்பரை முறுக்குமுன், விமானத்தைப் புல்தரையின் மேல் மெல்லத் தள்ளி மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால் மூக்கில் எடை போதவில்லை. குத்திட்டு இறங்கினால் எடை மிகை. ஒரே சரிவாக மிதந்து இறங்கும் வரை இதைத் திருத்த வேண்டும். பிறகு ஐம்பது முறுக்கு, நூறு முறுக்கு என்று ஏற்ற வேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரப்பரை அதன் நீளத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இழுத்தபடி முறுக்கினால் இன்னும் அதிகம் கொள்ளும். காற்று அடங்கிய விடியற்காலமே இதற்கு ஏற்றது. நமது ரயில்வே மைதானத்தில் ஆறு மணிக்குக் கொடி அசையாமல் தொங்கும் நேரம் பார்த்துப் போகலாம். எட்டு மணிக்கு மேல் கிரிக்கெட் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், காற்றும் வந்துவிடும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் கேங்மேன் ஒருவரின் மகன் இருக்கிறான். பால்சா வாங்க வசதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மரமாதலால் விலை கூடுதல். அவன் மூங்கிற் பிளாச்சைச் சீவி, இறக்கைக்குச் சட்டமும், நெட்டியில் விலாவும், காற்றாடித் தாளில் மேற்போர்வையும் செய்தான். விசிறியைப் பழைய தயிர்க் கோப்பையின் வளைந்த பக்கத்திலிருந்து வெட்டினான். எடை நிறுத்துப் பார்க்க எங்கள் வீட்டுக்காரி தன் சமையல் தராசைக் கொடுத்தாள். அவன் விமானம் 31 கிராம். பேனோவைப் போல் இரு பங்கு. மைதானத்தின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறுபக்கம் பாதி தூரம் போயிற்று. இப்போது அவன் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். 1950ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பிரிவில் மாதிரி விமானம் செய்வதும் பயிற்சியின் ஓர் அங்கம். அங்கே அவனுக்குப் பால்சாத் தகடு கையில் கிடைக்கிறது. இரு கிராம் குறைப்பதற்கு ஒரு வாரம் மணல்தாள் தேய்ப்பவன் கணக்குப் பாடத்தில் பின்தங்குவான் என்று நான் நம்பவில்லை. இவ்விஷயத்தில் மறுத்துப் பேசிய அன்பர் என்னை மன்னிப்பாராக.

இன்று கடையில் பெட்டரியும் நான்கு விசிறியும் உள்ள பறக்கும் பொம்மைகள் கிடைக்கின்றன. நுரைப் பலகையால் ஆன விமானங்களும் உண்டு, மோதினாலும் உடைவதில்லை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் நிலைபெறச் செய்யும் வேலையைச் சில்லு பார்த்துக்கொள்கிறது, பையன் பார்ப்பதில்லை.

பால்சாவுக்கும் புதிய இடங்கள் பிறந்துவிட்டன. காற்றாலைகளின் மாபெரும் இறக்கைகளுக்குள் பால்சாத் துண்டுகளை அடுக்கி நிரப்புகிறார்கள். 2020ஆம் ஆண்டை ஒட்டி அதற்காக உலகெங்கும் தேவை பெருகியபோது, ஈக்வடாரின் அமேசான் காட்டுப் பகுதியில் பழங்குடிகளின் நிலத்துக்குள் புகுந்து மரம் வெட்டியதாகப் பெரும் புகார்கள் எழுந்தன. தோட்டமாக வளர்த்த மரம் போதாமல் ஆற்றங்கரை மரங்கள் போயின.

மறுபக்கம், பேனோவின் பாதையில் இன்னும் மேலே மேலே ஏறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்கள் காற்றே இல்லாத இடம் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்தில் கார்டிங்டன் என்னும் ஊரில் வான்கப்பல்களுக்காகக் கட்டிய கொட்டகை, ருமேனியாவில் ஸ்லானிக் என்னும் ஊரின் அடியில் உப்பு வெட்டி எடுத்த பெருங்குகை ஆகியவற்றில் அவர்கள் பறக்கவிட்டிருக்கிறார்கள். அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கையுள்ள விமானம், ரப்பர் நீங்கலாக, ஒன்றரை கிராம் கூட இருப்பதில்லை. பால்சாவைப் புல்லைப் போல் சீவி, காற்றில் ஆடும் நூலாம்படை போன்ற படலத்தை அதன் மேல் போர்த்துகிறார்கள். பக்கத்தில் ஒருவர் விரைந்து நடந்தாலே அது தடுமாறும். ஆகையால் எல்லோரும் மெல்ல நடக்கிறார்கள், தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். விசிறியின் சுற்றைக் கண்ணால் எண்ணலாம். முறுக்கிய ரப்பர் ஒன்று அவிழ்ந்து முடியும் வரை, அரை மணி நேரத்துக்கு மேலாக, அது அந்த உப்புக் கூரையின் கீழ் வட்டமிட்டுக்கொண்டே இருக்கிறது.